உள்ளத்தை அளக்குங் கோல்

தன்னை அறிதலும் பிறரை அறிதலும் மனிதனுக்கு என்றும் உள்ள வேட்கைகள். ஒருவன் எத்தகையவன், எத்தொழிலுக்கு ஏற்றவன், இடுக்கண் வந்துற்றவிடத்து எவ்வாறு நடப்பான் என்பனவற்றை முன்னரே அறிந்துகொள்ளுதல் கூடுமாயின் அதனால் விளையும் பயன் பெரிது. ஆதலின், எல்லா நாட்டினரும் எல்லாக் காலத்தும் இவ்வறிவைத் தேடி வந்துள்ளனர். அரிஸ்ரோட்டிலின் மாணவராகிய தியோபிராஸ்தர் முப்பது வகை மாந்தரின் இயல்புகளைச் சொல்லோவியங்களாகத் தீட்டினார். கிரேக்க மருத்துவர் உடலிலுள்ள நால்வகை நீர்மங்களின் மிகுதி குறைவுகளைக்கொண்டு மக்களின் குணத்தை நான்காக வகுத்தனர். ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றனைக்கொண்டு உடலியல்பையும் உளவியல்பையும் ஒருங்கே விளக்கின. சோதிடர் பிறந்த வேளையைக்கொண்டு அதே வினாவுக்கு விடை கூறினர்.

அவ்வேட்கை இன்று புதியதொரு கோலம் பூண்டுள்ளது. கைத்தொலைபேசியிலோ கணனியிலோ இணையத்தின் வாயிலாகக் கிடைக்கும் ஆளுமைச் சோதனை ஒன்றில் ஐம்பது அறுபது வினாக்களுக்கு ஒருவர் விடையளிக்கின்றார். பத்து நிமிடத்துள் அவர் இன்ன வகையினர் என்று ஒரு பெயரும், அப்பெயருக்கு ஏற்ற வண்ணப்படமும், சில பக்க விளக்கமும் திரையில் தோன்றுகின்றன. விளக்கத்தைப் படித்தவர் பெரும்பாலும் வியப்படைகின்றார். முன்பின் அறியாத ஒரு பொறி தம் உள்ளத்தை உள்ளவாறே கூறிவிட்டது என்று நண்பருக்கும் காட்டுகின்றார். பொழுதுபோக்காக இஃது அமையுமளவில் எவருக்கும் கேடில்லை. ஆயின், க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையை எழுதிவிட்டு, உயர்தர வகுப்பில் எத்துறையிற் சேர்வது என்று மயங்கி நிற்கும் மாணவன் ஒருவன் இவ்விடையைத் தன் வழிகாட்டியாகக் கொள்வானாயின், அல்லது ஆசிரியர் ஒருவர் இதனைக்கொண்டு மாணவரைத் தரம்பிரிப்பாராயின், அது விளையாட்டாக இராது. ஆகவே, இச்சோதனைகள் எவ்வளவு உண்மையானவை என்னும் வினா கல்விகற்றோர் அனைவரும் ஆராயவேண்டிய வினாவாகின்றது.

சொற்களினின்று எண்களுக்கு

ஆளுமை என்பது ஒருவருடைய எண்ணம், உணர்ச்சி, நடத்தை ஆகியவற்றில் நெடுங்காலம் மாறாது காணப்படும் போக்குக்களின் தொகுதி என உளவியலார் கொள்வர். ஒருநாட் சினம் ஆளுமையாகாது. பலநாளும் பலவிடத்தும் எளிதிற் சினத்தல் ஆளுமையின் ஒரு கூறாகும். இக்கூறுகளை அளத்தல் எங்ஙனம்?

இங்கிலாந்து நாட்டு அறிஞர் பிரான்சிஸ் கோல்ற்றன் 1884ஆம் ஆண்டில் ஒரு வழியைக் குறிப்பிட்டார். மனிதர் தம்முள் காணும் முக்கியமான குணவேறுபாடுகளுக்கெல்லாம் மொழியிற் பெயரிட்டிருப்பர். ஆதலின் குணத்தைக் குறிக்குஞ் சொற்களை ஒருங்கு திரட்டினால் குணங்களின் பட்டியல் கிடைக்கும் என்பது அவர்தம் கருத்து. அமெரிக்கராகிய கோடன் ஒல்போட், ஹென்றி ஒட்பேட் ஆகிய இருவரும் 1936இல் ஆங்கிலப் பேரகராதி ஒன்றை முற்றும் ஆய்ந்து மனிதரை வேறுபடுத்திக் காட்டுஞ் சொற்களாக 17,953 சொற்களைத் தொகுத்தனர். அவற்றுள் ஏறத்தாழ 4,500 சொற்கள் நிலைத்த பண்புகளைக் குறிப்பன. இத்துணைச் சொற்களும் தனித்தனிப் பண்புகள் ஆகா. பேச்சில் விருப்புடையோன் பெரும்பாலும் கூட்டத்திலும் விருப்புடையோனாயிருப்பான். ஒழுங்கை விரும்புவோன் பெரும்பாலும் காலந்தவறாதவனாயிருப்பான். இவ்வாறு ஒன்றோடொன்று சேர்ந்து வரும் பண்புகளைக் காரணிப் பகுப்பு எனப்படும் கணித முறையாற் குழுக்களாக்கும் பணியில் றேமன்ட் கற்றெல் முதலியோர் ஈடுபட்டனர். 1961ஆம் ஆண்டில் அமெரிக்க வான்படையைச் சார்ந்த ரியூப்ஸ், கிறிஸ்ரல் என்னும் ஆய்வாளர் இருவர் பல தொகுதித் தரவுகளை ஒப்புநோக்கி ஐந்து பெருங்காரணிகள் மீண்டும் மீண்டும் தோன்றுதலைக் கண்டனர். பின்னர் வந்தோர் பலரும் இதனை உறுதிப்படுத்தினர். புதுமையை ஏற்கும் மனத்திறப்பு, கடமையில் ஒழுங்கு, புறமுக நாட்டம், பிறரோடு இசைந்தொழுகுதல், உணர்ச்சித் தளர்ச்சி என்பனவே அவ்வைந்தாம்.

வினாக்கொத்தின் வரலாறு போர்க்களத்தோடு தொடர்புடையது. முதலாம் உலகப்போரிற் குண்டதிர்ச்சியால் மனங்கலங்கிய போர்வீரர் பலராயினர். அவ்வாறு கலங்கக்கூடியோரைப் படையிற் சேர்க்கும்போதே கண்டுகொள்ளும் பொருட்டு றொபேட் வுட்வேத் என்பார் ஆம், இல்லை என விடையிறுக்கக்கூடிய வினாக்களின் தொகுதியொன்றை ஆக்கினார். அது பரவலாகப் பயன்படுத்தப்படுவதற்கு முன்னரே போர் முடிந்தது. ஆயினும், பின்னர் எழுந்த வினாக்கொத்துக்களுக்கெல்லாம் அது முன்மாதிரியாயிற்று.

பதினாறு வகைகள்

இன்று இணையத்தில் மிகுதியும் வழங்குவது மேற்கூறிய ஐந்து காரணிகளை அளக்குஞ் சோதனை அன்று. மக்களைப் பதினாறு வகையினராகப் பிரித்து ஒவ்வொரு வகைக்கும் நான்கெழுத்துக் குறியீடு ஒன்றை அளிக்கும் முறையே பெரிதும் பரவியுள்ளது. இதன் மூலம் சுவிற்சலாந்து நாட்டு உளமருத்துவர் காள் யுங் 1921இல் வெளியிட்ட உளவகைகள் பற்றிய நூலாகும். அகமுகம், புறமுகம் என்னும் பாகுபாட்டை உலகறியச் செய்த நூல் அதுவே. யுங் கூறியவற்றை அமெரிக்கப் பெண்மணியாகிய கதறீன் பிறிக்ஸ் என்பாரும் அவர் மகளார் இசபெல் மையேர்ஸ் என்பாரும் விரித்து, தாமும் ஓர் இணையைச் சேர்த்து, நான்கு இணைகளாக்கினர். நான்கு இணைகளின் சேர்க்கையால் பதினாறு வகைகள் உண்டாயின. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பெண்கள் புதிதாகத் தொழில்களிற் புகுந்தபோது, அவரவர்க்கு ஏற்ற தொழிலைத் தெரிந்துகொள்ள உதவல்வேண்டும் என்னும் நன்னோக்கமே இசபெல் அம்மையாரை வினாக்கொத்து ஆக்கத் தூண்டிற்று. தாய், மகள் இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவரல்லர். அதுபற்றியே அவர்தம் முயற்சியை இகழ்தல் நேரிதன்று. ஆக்கியவர் யாவராயினும், ஆக்கப்பட்ட கருவி தன் வேலையைச் செய்கின்றதா என்பதே கேள்வி.

நம்பகமும் ஏற்புடைமையும்

அளவைக் கருவி எதற்கும் இரண்டு இயல்புகள் வேண்டும். ஒரே பொருளை மீண்டும் மீண்டும் நிறுத்தால் தராசு ஒரே நிறையைக் காட்டுதல் வேண்டும். இது நம்பகம். அதனோடு, அது காட்டும் நிறை அப்பொருளின் மெய்யான நிறையாக இருத்தலும் வேண்டும். இது ஏற்புடைமை. எப்பொழுதும் கால் இறாத்தல் குறைத்துக் காட்டும் தராசு நம்பகமுடையது, ஏற்புடைமையற்றது. நம்பகமில்லாத தராசுக்கோ ஏற்புடைமை இருத்தலே இயலாது. உளச்சோதனைகளுக்கும் இவ்விதியே பொருந்தும். ஒருவர் இன்று பெற்ற முடிவைச் சில கிழமைகளின் பின்னரும் பெறுதல் வேண்டும்; அம்முடிவு சோதனைக்கு வெளியே அவர்தம் வாழ்க்கையில் நிகழ்வனவற்றோடு பொருந்துதலும் வேண்டும்.

பதினாறு வகைகளாகப் பிரிக்கும் முறை முதலாவது வாயிலிலேயே இடர்ப்படுகின்றது. மனிதரின் உயரத்தை அளந்து பார்த்தால், மிக நெடியோரும் மிகக் குறியோரும் சிலராகவும், நடுத்தரத்தினர் மிகப் பலராகவும் இருப்பர். அகமுக புறமுகப் பண்பும் பிற பண்புகளும் இவ்வாறே பரந்து கிடக்கின்றன. இப்பரப்பின் நடுவே ஒரு கோடு கிழித்து, ஒருபாலாரை அகமுகர் என்றும் மறுபாலாரைப் புறமுகர் என்றும் பெயரிட்டால், கோட்டின் அருகே நிற்போரே தொகையில் மிகுந்தவராவர். இருபது புள்ளிகள் கொண்ட சோதனை ஒன்றிற் பத்துக்குக் கீழ்ப்பட்டோர் அகமுகர், மேற்பட்டோர் புறமுகர் எனக் கொள்க. ஒன்பது புள்ளி பெற்றவரும் பதினொரு புள்ளி பெற்றவரும் ஏறக்குறைய ஒரே இயல்பினர். ஆயினும் அவர்க்கு எதிரெதிரான பெயர்கள் சூட்டப்படுகின்றன. பதினொன்று பெற்றவரும் இருபது பெற்றவரும் பெரிதும் வேறுபட்டவர். ஆயினும் அவர்க்கு ஒரே பெயர் கிடைக்கின்றது. மேலும், ஒன்பது பெற்றவர் அடுத்த மாதம் இரண்டு வினாக்களுக்கு விடையை மாற்றினால் அவர்தம் வகையே மாறிவிடும்.

இதனை எளிய கணக்காலும் விளங்கிக்கொள்ளலாம். நான்கு எழுத்துக்களுள் ஒவ்வொன்றும் மறுமுறை சோதிக்கும்போது நூற்றுக்கு எண்பத்தைந்து பேரில் மாறாதிருக்கும் எனவும், ஓரெழுத்தின் மாற்றம் மற்றையதைச் சாராது எனவும் வைத்துக்கொள்வோமாயின், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே நல்ல நம்பகமுடையதாகவே தோன்றும். ஆயின், நான்கும் ஒருங்கே மாறாதிருத்தல் எண்பத்தைந்து சதவீதத்தை நான்குமுறை பெருக்க வருவதாகும். அஃது ஏறத்தாழ 52 சதவீதமே. அதாவது, ஏறக்குறைய இருவரில் ஒருவர் மறுமுறை வேறொரு வகையினராகக் காணப்படுவர். வெளியான ஆய்வுகளும் இக்கணக்குக்கு அணித்தான முடிவையே தந்துள்ளன. ஐந்து கிழமை இடைவெளியிலேயே ஏறக்குறைய பாதிப்பேர் வரையில் வேறு வகைக்கு மாறியமையை மனோ அளவையியலார் எடுத்துக்காட்டியுள்ளனர். 1989இல் மக்றே, கொஸ்தா ஆகியோர் இச்சோதனையை ஆராய்ந்து, மக்கள் தனித்தனி வகைகளாகப் பிரிந்து நிற்கின்றனர் என்பதற்குச் சான்றில்லை எனவும், அதன் நான்கு அளவைகளும் ஐந்து காரணிகளில் நான்கனோடு தொடர்புடையன எனவும் கண்டனர். 1991இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழுவொன்று, தொழில் வழிகாட்டலில் இதனைப் பயன்படுத்துதற்குப் போதிய ஆய்வுச் சான்று இல்லை என முடிவு கூறிற்று. இச்சோதனை அளப்பதில் உண்மை சிறிதும் இல்லை என்பது இவற்றின் பொருளன்று. அளந்ததை வகைகளாக வெட்டும்போது அவ்வுண்மையிற் பெரும்பகுதி இழக்கப்படுகின்றது என்பதே பொருளாகும்.

உண்மைபோலத் தோன்றுவது ஏன்?

இவ்வளவு குறைபாடிருந்தும், விளக்கத்தைப் படித்தவர் தம்மையே கண்ணாடியிற் கண்டதுபோல உணர்வதேன்? இவ்வினாவுக்கு விடையளித்தவர் பேற்றம் போறர் என்னும் அமெரிக்க உளவியலார். அவர் 1948இல் தம்மிடம் உளவியல் பயின்ற 39 மாணவருக்கு ஒரு வினாக்கொத்தைக் கொடுத்தார். ஒரு கிழமை கழித்து, ஒவ்வொருவர்க்கும் அவரவர் பெயர் பொறித்த ஆளுமைக் குறிப்பொன்றை வழங்கி, அது தமக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்று சுழியம் முதல் ஐந்து வரை புள்ளியிடுமாறு வேண்டினார். அவர்கள் இட்ட புள்ளிகளின் சராசரி 4.26 ஆகும். அதன் பின்னரே உண்மை வெளியாயிற்று. எல்லாருக்கும் வழங்கப்பட்டது ஒரே குறிப்பு. அதிலுள்ள வாக்கியங்களிற் பெரும்பாலன கடைகளில் விற்கப்படும் சோதிடப் புத்தகமொன்றினின்று எடுக்கப்பட்டவை. மாணவர் எழுதிய விடைகளுக்கும் அக்குறிப்புக்கும் எவ்விதத் தொடர்பும் இருந்ததில்லை.

அக்குறிப்பின் நுட்பம் ஆராயத்தக்கது. பிறர் தம்மை விரும்பவேண்டும் என்னும் ஆவல், தம்மைத் தாமே கடிந்துகொள்ளும் இயல்பு, இன்னும் பயன்படுத்தப்படாத ஆற்றல், சிலவேளை கூட்டத்தையும் சிலவேளை தனிமையையும் நாடுதல் என்பன போன்றவையே அதிற் கூறப்பட்டன. இவை பொய்யல்ல, ஆயின், ஏறக்குறைய எல்லார்க்கும் பொருந்துவன. எல்லார்க்கும் பொருந்தும் ஒன்று ஒருவரை மற்றவரினின்று பிரித்துக் காட்டாது. இரு கண்ணுடைமை கூறி ஒருவரை அடையாளங் காட்டுவது போன்றதே அது. அமெரிக்க உளவியலார் போல் மீல் 1956இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வகை மயக்கத்துக்குப் புகழ்பெற்ற சேர்க்கஸ் முதலாளியாகிய பார்ணம் என்பாரின் பெயரை வழங்கினார். அதுமுதல் பார்ணம் விளைவு என்னும் தொடர் உளவியலில் நிலைபெற்றது. பிரான்சு நாட்டினராகிய மிஷேல் கோக்லன் 1968இல் இதனை வேறு வகையிற் காட்டினார். இலவசமாகச் சாதகக் குறிப்பு அனுப்பப்படும் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்து, விண்ணப்பித்த ஏறத்தாழ நூற்றைம்பது பேருக்கும் ஒரே குறிப்பை அனுப்பினார். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அது தமக்குப் பொருந்துகின்றது என்றனர். உண்மையில் அது, பலரைக் கொன்றமைக்காக 1946இல் மரணதண்டனை பெற்ற மருத்துவர் மார்சல் பெற்றியோ என்பவனின் பிறப்புக் கணிப்பாகும்.

இவற்றாற் பெறப்படுவது யாது? ஒரு விளக்கம் தமக்குப் பொருந்துவதாக ஒருவர் உணர்தல் அவ்விளக்கத்தின் மெய்ம்மைக்குச் சான்றாகாது. இணையச் சோதனைகளைப் போற்றுவோர் பெரும்பாலும் காட்டும் ஒரே சான்று இவ்வுணர்வே. இணையச் சோதனையில் இம்மயக்கம் மேலும் வலிமையடைகின்றது. கூட்டத்தை விரும்புவதில்லை, தனித்திருந்து வாசித்தலே இன்பம் என்று விடையளித்தவருக்கு, அவர் தனிமையை விரும்பும் அகமுகர் என்று சோதனை கூறுகின்றது. அவர் சொன்னதே அவருக்குத் திருப்பிச் சொல்லப்பட்டது. தன் கிணற்றில் அள்ளிய நீரையே பிறரொருவர் அழகிய கலத்தில் வார்த்துக் கொடுக்க, அதனைப் புதுநீர் என்று பருகி வியத்தல் போன்றதே இது.

விடையளிப்போர் நிலை

சோதனை எவ்வளவு செவ்வையாக ஆக்கப்பட்டிருப்பினும், அதன் முடிவு விடையளிப்போரின் வாய்மையையும் தன்னறிவையும் சார்ந்தே நிற்கின்றது. பொய்யுரைக்கும் எண்ணம் இல்லாதாரும் தாம் இருக்கும் நிலையை விட்டுத் தாம் இருக்கவிரும்பும் நிலையை எழுதுதல் இயல்பு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இஃது இன்னும் மிகும். 1943இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் உளநோய்களைக் கண்டறியும் பொருட்டு வெளியிட்ட புகழ்பெற்ற வினாக்கொத்தில் இதற்கென ஓர் உபாயம் அமைந்துள்ளது. எல்லா மனிதரிடமும் காணப்படும் சிறு குற்றங்கள் சில அதில் இடையிடையே வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றும் தம்மிடம் இல்லை என்பவரின் ஏனைய விடைகளும் ஐயத்துக்குரியனவாகக் கொள்ளப்படும். பொழுதுபோக்குச் சோதனைகளில் இத்தகைய காவல்கள் இருத்தல் அரிது.

ஒப்பீட்டின் அளவுகோலும் ஆளுக்காள் வேறுபடும். கடுமையாக உழைப்பவரா என்று வினவப்பட்ட மாணவன், யாரோடு தன்னை ஒப்பிடுவது? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்கும் விடுதித் தோழரோடு ஒப்பிடின், தன்னைச் சோம்பேறி என்பான். விளையாட்டிலேயே பொழுதைக் கழிக்கும் அயலவனோடு ஒப்பிடின், தன்னை உழைப்பாளி என்பான். மாணவன் ஒருவனே, விடைகள் இரண்டு. எதைக் கேட்பினும் ஆம் என உடன்படுவதும் சிலர்க்கு இயல்பு. ஆதலினாலே, திறமை வாய்ந்த வினாக்கொத்து ஆக்குவோர் ஒரே பண்பை நேர்முகமாகவும் எதிர்முகமாகவும் கேட்பர்.

தன்னைப் பற்றிய அறிவில் எல்லாரும் வல்லவரல்லர் என்பதும் கருதற்பாலது. அமெரிக்க ஆய்வாளர் சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, கவலை முதலிய உள்ளுணர்ச்சிகளை ஒருவர் தாமே நன்கு அறிவர். அறிவாற்றல், படைப்பாற்றல் முதலிய மதிப்புக்குரிய பண்புகளிலோ நண்பரின் கணிப்பே கூடுதலாகப் பொருந்துகின்றது. தற்பெருமையும் தாழ்வுணர்ச்சியும் கண்ணை மறைக்குமிடத்துப் பிறர் கண் தெளிவாகக் காண்கின்றது போலும்.

மொழியும் பண்பாடும் மற்றொரு தடை. வினாக்கள் பெரும்பாலும் அமெரிக்க மாணவரை நோக்கி ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டவை. விருந்தொன்றில் முன்பின் அறியாதவரோடு சென்று பேசுவீரா என்னும் வினா, விருந்து என்றால் உறவினர் கூடும் வீட்டு நிகழ்ச்சி எனக் கொள்ளும் சமுதாயத்தில் வேறு பொருள் தரும். மூத்தோர் முன்னிலையில் அடங்கியிருத்தலைப் பண்பாடாகப் பயின்ற இளைஞனை அச்சோதனை கூச்சமுடையவன் என்று கணித்துவிடலாம். பொலிவியா நாட்டில் வேட்டையும் பயிர்ச்செய்கையும் செய்து வாழும் சிமானே மக்களிடையே நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், ஐந்து காரணிகள் தெளிவாகப் புலப்படவில்லை. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, 23 நாடுகளில் நேரிற் கண்டு வினவப்பட்ட 94,751 பேரின் விடைகளை ஆராய்ந்து, அந்நாடுகளில் இவ்வினாக்கள் தாம் அளக்கக் கருதியதைச் செவ்வனே அளக்கவில்லை எனக் காட்டிற்று.

சோதனைகளால் ஆவது யாது?

இதுகாறும் கூறியவற்றைக்கொண்டு ஆளுமைச் சோதனைகள் அனைத்தும் வீண் என்று தள்ளிவிடுதல் பிழையாகும். இணையத்தில் நடத்தப்படுதல் தானே ஒரு குற்றமன்று. 2004இல் கொஸ்லிங் முதலியோர் இணையத்தின் வழி விடையளித்த 361,703 பேரின் தரவுகளை, முன்னர் வழக்கமான முறையிற் செய்யப்பட்ட ஆய்வுகளோடு ஒப்பிட்டு, இணையத் தரவுகளும் நம்பத்தக்கனவே எனக் கண்டனர். கருவி நன்றாயின் அது தாளில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் வேறுபாடு பெரிதன்று. ஐந்து காரணிகளை அளக்கும் சோதனைகளுக்கும் வாழ்க்கை விளைவுகளுக்கும் இடையே கூறப்பட்ட 78 தொடர்புகளைக் கிறிஸ்ரோபர் சோற்றோ மறுபடி சோதித்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் 87 சதவீதம் எதிர்பார்த்தவாறே மீண்டும் புலப்பட்டன. உளவியலின் வேறு துறைகளோடு ஒப்பிட இது பெருமைக்குரிய பேறாகும். கடமையில் ஒழுங்குடையோர் கல்வியிலும் தொழிலிலும் சிறந்து விளங்குதல் இவ்வாறு உறுதிபெற்ற உண்மைகளுள் ஒன்று.

ஆயினும், இத்தொடர்பின் அளவை மறத்தலாகாது. வோல்ற்றர் மிஷெல் என்பார் 1968இல் எழுதிய நூலில், சோதனை கூறும் பண்புக்கும் ஒரு குறித்த நிலையில் ஒருவர் நடக்கும் நடத்தைக்கும் உள்ள இணைபுக் குணகம் 0.30ஐத் தாண்டுதல் அரிது என்று எடுத்துக்காட்டினார். இதனை வர்க்கிக்க 0.09 வரும், அதாவது, மனிதரின் நடத்தை வேறுபாட்டில் நூற்றுக்கு ஒன்பது பங்கையே சோதனை விளக்குகின்றது. எஞ்சியதைச் சூழ்நிலையும், பயிற்சியும், முயற்சியும், அறியப்படாத பிறவும் தீர்மானிக்கின்றன. பல நாட் செயல்களைக் கூட்டிச் சராசரி காணின் தொடர்பு வலுவடையும் என்று பின்வந்தோர் விடையிறுத்தனர். அதுவும் உண்மையே. இதனாற் பெறப்படுவது, ஆயிரவரைப் பற்றிப் பொதுவாகக் கூறுதற்குச் சோதனை பயன்படும். ஒருவனைப் பற்றித் தீர்ப்புக் கூறுதற்கு அது போதாது என்பதே. ஓராண்டின் மழைவீழ்ச்சிச் சராசரியை அறிந்தவர் அடுத்த வெள்ளிக்கிழமை மழை பெய்யுமா என்று கூறமாட்டாமை போன்றது இது.

கொடுக்கும் விலை

இலவசமாகக் கிடைக்கும் சோதனைக்கும் ஒரு விலை உண்டு. விடையளிப்போர் தம் அச்சங்களையும் ஆசைகளையும் குறைபாடுகளையும் முன்பின் அறியாத நிறுவனமொன்றின் ஏட்டிற் பதிவுசெய்கின்றனர். 2014ஆம் ஆண்டளவிற் பேஸ்புக் தளத்தின் வாயிலாக ஆளுமைச் சோதனையொன்று நடத்தப்பட்டது. அதிற் பங்குகொண்டோர் ஏறத்தாழ 270,000 பேர். ஆயின், அவர்தம் நண்பர்களின் விவரங்களும் சேர்த்தெடுக்கப்பட்டமையால் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலானோரின் தரவுகள் கேம்பிறிட்ஜ் அனலிற்றிக்கா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குச் சென்றிருக்கலாம் என்பது 2018இல் வெளியாயிற்று. இவ்விவகாரத்தை அடுத்து நிகழ்ந்த விசாரணையின் முடிவில், 2019இல் அமெரிக்க அரசின் வணிக ஆணைக்குழு பேஸ்புக் நிறுவனத்துக்கு 500 கோடி டொலர் தண்டம் விதித்தது. தம் குணத்தை அறியும் ஆவலால் ஒருவர் அளித்த விடைகள், அவர் அறியாமலே பிறர் தரவுகளுக்கும் வாயில் திறந்துவிட்ட வரலாறு இது.

பயன்கொள்ளும் முறை

மேற்கூறியவற்றினின்று மாணவரும் ஆசிரியரும் கைக்கொள்ளத்தக்க சில நெறிகள் பெறப்படும். முதலாவதாக, சோதனையை யார், எவ்வகை ஆய்வின் அடிப்படையில் ஆக்கினர் என்பதையும், அதன் நம்பகமும் ஏற்புடைமையும் வெளியிடப்பட்டுள்ளனவா என்பதையும் நோக்குதல் வேண்டும். இவை கூறாத சோதனை பொழுதுபோக்குக்கே உரியது. இரண்டாவதாக, வகைப்பெயரை மட்டும் கூறுவதினும், ஒவ்வொரு பண்பிலும் ஒருவர் எந்நிலையில் நிற்கின்றார் என்று அளவிற் காட்டுஞ் சோதனை மேலானது. மூன்றாவதாக, ஒரு மாதங் கழித்து அதே சோதனையை மறுபடி செய்து பார்த்தலும், தம்மை நன்கறிந்த நண்பர் ஒருவரைத் தமக்காக விடையளிக்கச் செய்து ஒப்பிடலும் நன்று. இரு முடிவுகளும் மாறுபடும் இடங்களே ஒருவரைச் சிந்திக்கச் செய்யும். நான்காவதாக, தமக்குக் கிடைத்த விளக்கத்தைப் படிக்கும்போது, வேறொரு வகையினருக்குரிய விளக்கத்தையும் உடன்படித்தல் வேண்டும். அதுவும் தமக்குப் பொருந்துவதாகத் தோன்றின், பார்ணம் விளைவு அங்கே தொழிற்படுகின்றது என்று அறிந்துகொள்ளலாம். ஐந்தாவதாக, பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் முதலியவற்றையும் பிற தளங்களின் கணக்குகளையும் கேட்கும் சோதனைகளை விலக்குதல் தக்கது.

ஆசிரியர்க்கு உரிய பொறுப்பு இன்னும் பெரிது. பதினாறு வயது மாணவனின் இயல்பு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் இயல்பு. வளருங்காலத்தில் ஆளுமைப் பண்புகள் மாறுதலடைகின்றன என்பதும், இளமை கடந்து நடுவயதை அடையுமளவில் மக்கள் பொதுவாகக் கடமையொழுங்கில் முன்னேறுகின்றனர் என்பதும் ஆய்வாற் பெறப்பட்ட உண்மைகள். அத்தகைய பருவத்தினனை அகமுகன் என்று முத்திரையிட்டு மேடைப்பேச்சினின்று விலக்கிவிடின், மேடையிற் பேசிப் பழகும் வாய்ப்பை அவன் இழப்பான். பேசிப் பழகாமையால் உண்மையிலேயே பேசமாட்டாதவனாவான். பிழையான அளவீடு அவ்வாறு தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும். கணக்கில் விருப்பமும் உழைப்பும் உடைய மாணவி ஒருத்தி, தன் வகையினருக்குக் கலைத்துறையே ஏற்றது என்று திரையிற் கண்டு கணிதத்தைக் கைவிடுவாளாயின், அவ்விழப்பு எந்தப் புள்ளிவிபரத்திலும் பதிவாகாது.

திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரம் உண்டு. ஒருவரை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைக்குமுன் அவரை எங்ஙனம் ஆராய்வது என்பதே அதன் பொருள். அவ்விடத்து வள்ளுவர் ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் கட்டளைக்கல்லாகக் காட்டுவது அவரவர் செய்யுஞ் செயலையே. தம்மைப் பற்றி ஒருவர் சொல்லுஞ் சொல்லை அவர் கட்டளைக்கல்லாகக் கொண்டாரல்லர். இன்றைய உளவியலாரும் வினாக்கொத்தின் முடிவை நெடுநாட் செயலோடு ஒப்பிட்டே அதன் மதிப்பைத் துணிகின்றனர். ஆதலின், சோதனை கூறும் விடையை ஆய்வின் தொடக்கமாகக் கொள்வோர் அதனாற் பயனடைவர். உயர்தர வகுப்பிற் சேரவிருக்கும் மாணவன், தான் எவ்வகையினன் என்று திரையைக் கேட்பதோடு நில்லாது, எப்பாடத்தில் மணிக்கணக்காகச் சலிப்பின்றி அமர்ந்திருந்தான், எதிற் பிழைவிட்டும் மீண்டும் முயன்றான், எதனை எவரும் ஏவாமலே செய்தான் என்று தன் கடந்த ஈராண்டுச் செயல்களை எழுதிப் பார்ப்பானாயின், ஐம்பது வினாக்கள் கூறாத விடை அவ்வேட்டிற் கிடைத்தல் கூடும்.